கல்லடியில் கறுப்பு வேகன் ஆர்: வீட்டில் கழுவி மெருகேற்ற முதலில் எதை வாங்குவது?

கல்லடி_மகள் கேட்டது:

வணக்கம். எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடற்கரையில் இருந்து இரண்டு வீதி தள்ளி இருக்கிறது. வேலை அம்பாறையில் என்பதால் கார் வார நாட்களில் களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை என்று போய் அதே வழியில் திரும்புகிறது. 2017ஆம் ஆண்டு வேகன் ஆர் ஹைபிரிட். என் கைக்கு வந்து சில மாதங்கள்தான். நிறம் கறுப்பு. "உப்புக் காற்றுக்குள் கறுப்புக் கார் வாங்காதே" என்று அப்பா சொன்னார். என் கையில் இருந்த காசுக்குக் கிடைத்தது கறுப்புதான்.

நிழலில் நிற்கும்போது கார் நன்றாகவே இருக்கிறது. வெயிலுக்கு எடுத்தால் பொனட் முழுவதும் மெல்லிய வட்டக் கீறல்கள். கூரையிலும் கண்ணாடிகளிலும் தண்ணீர்த்துளி காய்ந்த வெள்ளைத் தடங்கள். நகத்தால் சுரண்டினாலும் போவதில்லை. முன்விளக்குகள் இரண்டும் மஞ்சளாக மங்கியிருக்கின்றன. முன்பம்பரின் கீழ்ப்பக்கம் தார்ப் புள்ளிகள்.

கழுவுவது தம்பியின் பொறுப்பு. குழாய்க்கிணற்றுத் தண்ணீர், ஒரு வாளி, ஒரு ஸ்பொன்ஞ், துடைக்க அப்பாவின் பழைய சாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குப் பத்து மணிக்கு மேல்தான் விடியும்.

இப்போது அவன் இணையத்தில் ஒரு செரமிக் பூச்சுப் பெட்டியைக் காட்டி, "9எச் என்று எழுதியிருக்கிறது, இனிக் கீறலே விழாது" என்கிறான். அலுவலகத்தில் ஒருவர் மெழுகு போதும் என்கிறார். கடைக்குப் போனால் அலுமாரி நிறையப் போத்தல்கள்: பொலிஷ், கொம்பவுண்ட், வாக்ஸ், சீலன்ட், கிளே, டிரெஸ்ஸிங். எல்லாவற்றையும் வாங்க என்னால் முடியாது. மெஷின் கிடையாது, கையால்தான் செய்யவேண்டும். இடமும் பக்கங்கள் திறந்த ஒரு தகரக் கொட்டகைதான். எதை முதலில் வாங்குவது? எதை வாங்கவே கூடாது?

ஏறாவூர்_ஓட்டுநர்:

தம்பி சொல்வதுதான் சரி சகோதரி. செரமிக் போட்டுவிட்டால் இரண்டு வருடத்திற்குக் கவலை இல்லை. தண்ணீர் அடித்தால் போதும், ஊத்தை தானாக வழிந்து ஓடிவிடும். மெழுகெல்லாம் பழைய ஆட்களின் வேலை.

மருதமுனை_பெயின்டர்:

பழைய ஆள் வந்திருக்கிறேன்.

தங்கச்சி, முதலில் தம்பியின் கையில் இருந்து அந்தச் சாரத்தை வாங்கிவிடுங்கள். நான் மருதமுனைக்காரன். கைத்தறிச் சாரத்தைப் பற்றி என்னைக் குறை பேச வைத்ததற்காகவே உங்கள் தம்பியோடு எனக்குக் கோபம். உடுத்துவதற்கு அதைவிட நல்ல துணி இல்லை. கார் துடைக்க அது ஆகாது. பருத்தி இழை மண்ணை உள்ளே வாங்கிக்கொள்வதில்லை. மேலேயே வைத்துக்கொண்டு பெயின்ட் நெடுக இழுத்துச் செல்கிறது. ஓரத் தையல் ஒன்றே போதும், பொனட்டில் கோடு போட.

கல்முனையில் வாகனங்களுக்குப் பெயின்ட் அடித்தே எனக்குத் தலை நரைத்தது. நீங்கள் சொல்லும் வட்டக் கீறல்கள் வீதியில் ஓடும்போது விழுந்தவை அல்ல, கழுவித் துடைக்கும்போது விழுந்தவை. உங்களுக்கு முன் அந்தக் காரை வைத்திருந்தவர் வீட்டிலும் ஒரு தம்பி இருந்திருக்கிறார் போலும். அவை உண்மையில் வட்டமும் அல்ல. நாலா பக்கமும் போகும் சிறு கோடுகளில், வெளிச்சத்தை நம் பக்கம் திருப்பிவிடும் கோடுகள் மட்டும் சூரியனைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகின்றன. வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல் இருக்கும். வெள்ளை மறைக்கும், கறுப்பு காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தகட்டின் மேல் இருக்கும் பெயின்ட் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 100 மைக்ரோன்தான் வரும். அதில் ஆக மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் படை 40, 50 மைக்ரோன் அளவில் இருக்கும். தலைமயிரை விட மெல்லியது. மினுக்கம் அதில்தான் இருக்கிறது, வெயிலைத் தாங்குவதும் அதுதான். கொம்பவுண்ட் என்றால் அந்தப் படையைத் தேய்த்து எடுப்பது. எடுத்தது திரும்ப வளராது. மாதம் தவறாமல் கொம்பவுண்ட் போட்டு மினுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சில வருடத்தில் கூரை வெளிறிப்போய், முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்க என்னிடமே வருவார்கள். எனக்கு அது வருமானம் என்பதால் நான் அவர்களோடு வாதாடுவதில்லை. உங்களிடம் காசு வாங்கவில்லை, ஆகவே உண்மையைச் சொல்கிறேன்: கொம்பவுண்ட் போத்தலை இப்போது தொடவேண்டாம்.

ஏறாவூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. 9எச் என்பது பென்சில் கணக்கு. 9எச் பென்சிலால் அழுத்திக் கோடு இழுத்தாலும் பூச்சில் அடையாளம் விழாது என்றுதான் பொருள். கல்லடிக் கடற்கரை மணல் பென்சில் அல்ல. அதில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கல், கத்தி அலகையே கீறக்கூடியது. அந்த மணல் ஒட்டியிருக்கும் ஸ்பொன்ஞ்சால் தேய்த்தால் செரமிக்கும் கீறும், அதன் கீழே இருப்பதும் கீறும். தண்ணீர்த் தடத்தையும் செரமிக் தடுப்பதில்லை. துளி உருண்டு திரண்டு நிற்பதால், வெயிலில் காய்ந்தால் தடம் இன்னும் கட்டியாகப் படியும். தவிர, கீறலை நீக்காமல் செரமிக் போட்டால் கீறலுக்குக் காவல் போட்டதுபோல் ஆகிவிடும். பூசிய சில நிமிடத்தில் சமமாகத் துடைக்கவேண்டும், பிறகு ஒரு நாளாவது தண்ணீரும் தூசும் படக்கூடாது. பக்கம் திறந்த தகரக் கொட்டகையில், கடலுக்கு இரண்டு வீதி தள்ளி, அது நடக்கிற காரியமா? செரமிக் கெட்ட பொருள் அல்ல. மூடிய அறையும் கை பழகிய ஆளும் இருந்தால் நல்ல வேலை. பெட்டியில் வாங்கி வீட்டில் பூசுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இனித் தண்ணீர். உங்கள் காரின் உண்மையான எதிரி அதுதான். கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கும் மணல்தரையில் தோண்டிய குழாய்க்கிணறு அது. சுண்ணாம்பும் உப்பும் இல்லாமல் இருக்காது. துளி காயும்போது தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு தங்கிவிடும். அதுதான் நீங்கள் நகத்தால் சுரண்டும் வெள்ளை. காலை பத்து மணி வெயிலில் சுட்டுக்கிடக்கும் கறுப்புப் பொனட்டில் அந்தத் தண்ணீரை அடித்தால், துணி எடுக்கத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். ஊத்தையைக் கழற்றக் கிணற்றுநீரைப் பாவியுங்கள், குற்றமில்லை. கடைசி அலசலுக்கு உன்னிச்சைக் குளத்தில் இருந்து வரும் குழாய்நீர் வீட்டில் இருந்தால் அதை எடுங்கள். மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. ஒரு பூவாளி நிறைய இருந்தால் கூரையில் இருந்து கீழே மெதுவாக ஊற்றிவிடலாம்.

வாங்கவேண்டியவை. வாளிதான் முதலில்: இன்னொரு வாளி. ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு கதவும் முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் தோய்க்கவேண்டும். முடிந்த பிறகு அந்த வெறும் தண்ணீர் வாளியின் அடியைத் தம்பிக்குக் காட்டுங்கள். அவ்வளவு மணலையும் இதுவரை எங்கே தேய்த்துக்கொண்டிருந்தான் என்று அவனே கணக்குப் பார்க்கட்டும். ஸ்பொன்ஞ்சுக்குப் பதில் மைக்ரோபைபர் கழுவு கையுறை ஒன்று. அதன் நீண்ட இழைகளுக்குள் மண் ஒதுங்கிக்கொள்ளும். துடைப்பதற்குப் பெரிய, தடித்த மைக்ரோபைபர் துவாய் ஒன்று. துணியின் எடையைக் கவரில் போட்டிருப்பார்கள். சதுர மீட்டருக்கு 600 கிராமுக்குக் குறையாமல் பாருங்கள். மெழுகு எடுப்பதற்கு 300, 400 கிராம் துணி நாலைந்து போதும். இந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு துவைக்கவேண்டாம், துணி மென்மையாக்கும் திரவமும் போடவேண்டாம். இழை அடைபட்டு உறிஞ்சாமல் போய்விடும். கீழே விழுந்த துணியை அன்றைக்குக் காரில் வைக்கக்கூடாது. கல்லடியில் விழுந்த துணி என்றால் சொல்லவே வேண்டாம்.

ஷாம்பூ, காருக்கென்று வரும் அமில காரச் சமநிலை உள்ளது எதுவானாலும் சரி. பாத்திரம் கழுவும் திரவம் போட்டிருந்த மெழுகை எல்லாம் கழற்றிவிடும். துணி துவைக்கும் பவுடர் அதைவிட மோசம்.

கழுவும் முறை சுருக்கமாக: வெயில் ஏறுமுன், கை வைத்தால் தகடு குளிர்ந்திருக்கவேண்டும். முதலில் தண்ணீரை மட்டும் நன்றாக அடித்து மண்ணை இறக்குங்கள். பிறகு மேலிருந்து கீழாக. சில்லுகளும் பம்பரின் அடியும் கடைசியில், வேறு துணியால். சில்லு வளைவுகளுக்குள்ளும் கதவுகளின் அடி ஓரத்திலும் தண்ணீர் பாய்ச்ச மறக்கவேண்டாம். கதவின் அடியில் சின்னத் துவாரங்கள் இருக்கும். அவை மண்ணால் அடைபட்டால் உப்புத்தண்ணீர் உள்ளே நின்று துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே கொப்புளம் தெரியும் நாளில் என்னிடம் வந்து பயனில்லை. சேர்விஸ் செய்யும்போது அடிப்பகுதிக்குப் பழைய எண்ணெய் விசிறித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இறப்பர் புஷ்கள் ஊதிக் கெட்டுப்போகும், வீதித் தூசும் அப்பிக்கொள்ளும்.

பாதுகாப்புக்கு ஒரு டப்பா போதும். இயற்கை மெழுகான கார்னோபா கறுப்பில் அழகாக இருக்கும், ஆனால் நமது வெயிலுக்கு வாரக் கணக்கில்தான் நிற்கும். செயற்கை சீலன்ட் மாதக் கணக்கில் நிற்கும். ஜப்பானின் சொஃப்ட்99 நிறுவனத்தின் ஃபுசோ கோட் கறுப்பு வண்டிக்கென்று தனி டப்பாவாகவே வருகிறது; 12 மாதம் என்கிறார்கள், கல்லடிக் காற்றில் பாதி என்று எண்ணிக்கொள்ளுங்கள். மிக மெல்லியதாகப் பூசவேண்டும். கனமாகப் பூசினால் துடைத்து எடுக்கக் கை வலிக்கும், வேறு பலன் கிடையாது.

வாங்கக்கூடாதவை என்று கேட்டீர்கள். டயரைப் பளபளக்கச் செய்யும் எண்ணெய், டாஷ்போர்ட் மினுக்கி, வாசனை போத்தல். டாஷ்போர்ட் மினுங்கினால் அதன் நிழல் முன்கண்ணாடியில் விழும். எதிர்வெயிலோடு அது சேரும்போது மாடு குறுக்கே வந்தாலும் தெரியாது. ஈரத் துணி போதும்.

கல்லடி_மகள்:

மிக்க நன்றி காக்கா. தம்பி வாசித்துவிட்டு எழுந்து போய்விட்டான். மூன்று சந்தேகங்கள். இப்போது இருக்கும் வெள்ளைத் தடங்களை என்ன செய்வது? மெழுகு பூசுவதற்கு முன் கிளே தேவையா? வேளாண்மை வெட்டும் காலத்தில் சம்மாந்துறைப் பக்கம் பதரும் தூசும் காரை மூடிவிடுகின்றன. அதைத் தினமும் இறகுத் துடைப்பத்தால் தட்டலாமா?

மருதமுனை_பெயின்டர்:

தட்டவேண்டாம். நெல் உமி மணலைப் போலவே கீறும். தண்ணீர் அடிக்க நேரம் இல்லாவிட்டால் தூசோடே நிற்கட்டும். தூசு தானாகக் கீறாது, கைதான் கீறுகிறது. காகத்தின் எச்சத்தை மட்டும் அன்றன்றே எடுத்துவிடுங்கள். ஈரத் துணியை அதன் மேல் சிறிது நேரம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் தூக்குங்கள். வெயிலில் விட்டால் கிளியர் படையை அரித்துவிடும்.

வெள்ளைத் தடத்திற்குக் கடையில் தனிப் போத்தல் விற்பார்கள். முதலில் வினாகிரியைப் பாருங்கள். செயற்கை வினாகிரி, நிறமில்லாதது. தென்னங்கள்ளு வினாகிரி வேண்டாம். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்து, குளிர்ந்த தகட்டில் ஓரிரு நிமிடம் போர்த்திவிட்டு அலசுங்கள், பிறகு ஷாம்பூ. காயவிடக்கூடாது. சுண்ணாம்பு மேலே இருந்தால் கரைந்துவிடும். போகாவிட்டால் அது பெயின்டுக்குள் குழி விழுத்திவிட்டது என்று பொருள். அந்த இடத்திற்கு மட்டும்தான் பொலிஷ், அதுவும் கடைசியில்.

கிளே தேவை. பெயின்டில் ஒட்டிய நுண்ணிய ஊத்தையை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி அது. பம்பரில் உள்ள தாருக்கு முதலில் தார் நீக்கி. மண்ணெண்ணெய் சிறிது துணியில் எடுத்தாலும் இளகும், உடனே ஷாம்பூ போட்டுக் கழுவிவிடவேண்டும். அதன் பின்பு கழுவிய தகட்டை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மெல்லிய பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவினால் சொரசொரப்பு இன்னும் நன்றாகத் தெரியும். சொரசொரப்பு உள்ள இடத்தில் மட்டும் கிளேயை ஷாம்பூத் தண்ணீர் வழிய வழிய, அழுத்தாமல் ஓட்டுங்கள். கிளே கட்டி நிலத்தில் விழுந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. எறிந்துவிடுங்கள், ஒட்டிய மணலைக் கிள்ளி எடுத்து மிச்சம் பிடிக்கப் பார்க்கவேண்டாம்.

அக்கரைப்பற்று_ஆசிரியர்:

பெயின்டர் காக்கா கழுவுவதில் மிகக் கண்டிப்பானவர் என்று தெரிகிறது. ஒரு விடயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. கீறல்களை அப்படியே விட்டுவிடச் சொல்வது கறுப்புக் காருக்குக் கொடுமை. மெகுவையர்ஸ் அல்டிமேட் பொலிஷ் போன்ற மெல்லிய பொலிஷைக் கையாலும் போடலாம். ஆழக் கீறல் போகாது, ஆனால் மூட்டம் தெளியும். ஆண்டுக்கு ஒரு தடவை போட்டு, மேலே சீலன்ட் பூசினால் படை ஒன்றும் கரைந்துவிடாது. நான் என் டொயோட்டா விட்ஸ் காருக்கு அப்படித்தான் செய்கிறேன்.

முன்விளக்கைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. விளக்கின் கண்ணாடி உண்மையில் கண்ணாடி அல்ல, பொலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் இருக்கும் வெயில் தடுப்புப் பூச்சு கழன்றதால்தான் மஞ்சள். பற்பசை போட்டுத் தேய்த்தால் சில வாரம் தெளிவாக இருந்து மீண்டும் மங்கிவிடும். சுற்றி டேப் ஒட்டி, வோட்டர் பேப்பர் என்ற மணல்தாளால் 1000, 2000, 3000 என்று தண்ணீரோடு தேய்த்து, பொலிஷ் போட்டு, பிறகு வெயில் தடுப்புக் கிளியர் பூச்சு ஒன்று கட்டாயம் பூசவேண்டும். எல்லாம் சேர்ந்த பெட்டியாக வாங்கினால், உள்ளே அந்தக் கடைசிப் பூச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மருதமுனை_பெயின்டர்:

ஆசிரியரே, ஆண்டுக்கு ஒரு தடவை என்றால் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் போத்தல் வீட்டில் இருந்தால் ஆண்டுக்கு ஒரு தடவையோடு நிற்கிறவர்களை நான் கண்டது குறைவு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். அந்த இடைக்காலத்தில் மாற்று வண்டி கிடையாது என்று தெரிந்ததும் எல்லோரும் இருந்ததை மினுக்கத் தொடங்கினார்கள். எத்தனை பொனட் என்னிடம் வந்தது தெரியுமா, விளிம்பெல்லாம் அடிப்பூச்சு தெரிய! விளிம்பில் படை ஆக மெல்லியது, அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. தங்கச்சி பொலிஷ் போட்டால் விளிம்புக்கும் மடிப்புக்கும் டேப் ஒட்டிவிட்டுப் போடட்டும்.

விளக்கு விடயத்தில் நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்து மாற்றவேண்டியதில்லை.

அம்பாறை_மின்பொறி:

ஒரு எச்சரிக்கை. அந்த வேகன் ஆர் ஹைபிரிட்டில் லித்தியம் அயன் மின்கலம் முன் பயணி இருக்கையின் கீழ் இருக்கிறது. கடல் மணல் போகட்டும் என்று உள்ளே தண்ணீர் அடித்தோ, இருக்கையை ஷாம்பூவில் ஊறவைத்தோ கழுவவேண்டாம். இருக்கைக்கு வக்யூமும், பிழிந்த ஈரத் துணியும் போதும். விரிப்புகளை வெளியே எடுத்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். மாரியில் அரை ஈரத்தோடு போட்டால் பூஞ்சணம் பிடித்து ஏசி போடும்போதெல்லாம் மணக்கும். டாஷ்போர்டின் பெட்டிக்குப் பின்னால் ஏசி வடிகட்டி இருக்கும், அதையும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். வயல்வழி ஓடும் காரில் அது உமியால் நிறைந்திருக்கும்.

ஏறாவூர்_ஓட்டுநர்:

சரி காக்கா, பென்சில் கதையை இன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். என் காரில் ஏற்கனவே செரமிக் போட்டாகிவிட்டது. அதற்கும் இரண்டு வாளியா?

மருதமுனை_பெயின்டர்:

அதற்கும் இரண்டு வாளிதான் தம்பி.

கல்லடி_மகள்:

வாளி, கையுறை, பெரிய துவாய், ஷாம்பூ, சீலன்ட், கிளே, வினாகிரி, விளக்குக்குப் பெட்டி. இவ்வளவையும் எழுதிவிட்டேன், பொலிஷைப் பற்றி அடுத்த வருடம் யோசிக்கிறேன். கடைசியாக ஒன்று: கொட்டகைத் தகரத்தில் இருந்து வடியும் மழைத்தண்ணீரைப் பீப்பாவில் பிடித்தால் அலச உதவுமா? வேலை செய்ய எந்த நேரம் நல்லது?

மருதமுனை_பெயின்டர்:

உதவும். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையைப் பிடிக்கவேண்டாம். தகரத்தில் படிந்த உப்பையும் தூசையும் அது கழுவிக்கொண்டு வரும். அடுத்த மழையில் இருந்து பிடியுங்கள், பீப்பாவின் வாயில் துணி கட்டி வடிகட்டுங்கள். சாரம் இப்போது சும்மாதானே இருக்கிறது, அதற்குப் பாவிக்கலாம். நேரம் என்றால் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, வெயில் ஏறுமுன். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் பகலில் சீலன்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம், பூசுவதும் புழுதி ஒட்டுவதும் ஒன்றாக நடக்கும். பீப்பாவுக்கு இறுக்கமான மூடி போடுங்கள். நுளம்பு பெருகினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாசலில் வந்து நிற்பார், அவருக்குக் காரின் மினுக்கத்தைக் காட்டித் தப்ப முடியாது.